இருபத்தொன்பது வயதுச் சிரிப்பு!

"அதிகமாகச் சிரிக்காதே, அழ நேரிடும்!" — வீட்டுக்கு வீடு வழங்கும் எச்சரிக்கை இது. பேத்தி வாய்விட்டுச் சிரித்தால் பாட்டி பதறுவாள். பிள்ளைகள் கூடிக் கும்மாளமிட்டால், திண்ணையிலிருந்து அதட்டல் பறந்து வரும். அப்படிச் சிரித்து வாழ்ந்த இளைஞன் ஒருவன் திடுமென மறைந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம்! "கண்ணேறு பட்டுவிட்டது", "தலையெழுத்து அவ்வளவுதான்", "ஆடிய ஆட்டம் அடங்கிற்று" — இழவு வீட்டு வாசலிலேயே தீர்ப்புகள் தயாராகிவிடும். சாவு அவன் மூச்சை மட்டுமே பறிக்கிறது. இந்தப் பேச்சோ, அவன் சிரித்த சிரிப்பையே குற்றமாக்கி, அவன் வாழ்ந்த வாழ்வையும் பறித்துவிடுகிறது!

இப்பேச்சைக் கேட்கும்போதெல்லாம் நம் நெஞ்சிலே எழும் உருவம் ஒன்று உண்டு. மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்! 1930 ஏப்ரல் 13இல் பிறந்தார். 1959 அக்டோபர் 8இல் மறைந்தார். முப்பதை அவர் காணவில்லை. நாம் பிறப்பதற்கு நெடுநாள் முன்னரே மறைந்தவர்தாம். எனினும், அவர் நின்றுவிட்ட வயதை நோக்கி ஆண்டுக்கோர் அடியாக நாமும் நடந்துகொண்டிருக்கிறோம். ஆகவே, அவரை ஏட்டில் உள்ள கவிஞராக மட்டும் எண்ண முடியவில்லை. பேசிக்கொண்டே உடன் வந்து, பேச்சு முடியுமுன் பிரிந்துவிட்ட தோழராகவே எண்ணத் தோன்றுகிறது.

பட்டுக்கோட்டைக்கு அருகே செங்கப்படுத்தான்காடு அவர் ஊர். தந்தையார் நாட்டுப்புறப் பாடல் புனைந்தவர். பள்ளியிலே அவர் இருந்தது சிறிது காலமே. வாழ்க்கையிலே கற்றதோ பெரிது! மாடு மேய்த்தார், மாம்பழம் விற்றார், இட்லி விற்றார், உப்பளத்தில் உழைத்தார், தண்ணீர் வண்டி இழுத்தார், நாடக மேடையில் ஆடினார், பாடினார். 17 தொழில்கள் பார்த்தவர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் அடுக்கிக் காட்டுவர். நமக்கு ஒரு தொழில் கைநழுவினால் முகம் வாடிவிடுகிறது; அவருக்கோ ஒவ்வொரு தொழிலும் ஒரு வேடிக்கைக் களஞ்சியம்! வயலில் கேட்ட கேலி, சந்தையில் கேட்ட சொலவடை, வண்டிப் பாதையில் கேட்ட மெட்டு, எல்லாம் அவரிடம் பாட்டாகின.

குறும்பு அவர் கூடவே பிறந்தது. பணம் தராமல் காத்து நிற்கச் சொன்ன படமுதலாளி ஒருவரின் மேசைமீது, தம்மை நிற்கச் சொல்ல அவருக்கு என்ன உரிமை என்னும் பொருள்பட நாலு வரி எழுதி வைத்துவிட்டு நடையைக் கட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது. பழுது பார்க்கப்படும் சாலையிலே நாட்டியிருந்த சிவப்புக் கொடியைக் கண்டதும், பழுது எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் தம் கட்சிக் கொடிக்கு வேலை உண்டு என்று நண்பரைச் சிரிக்க வைத்தார் என்பது இன்னொன்று. பொதுவுடைமைத் தோழர் அவர். புதுவையிலே பாரதிதாசனிடம் தமிழ் பயின்றவர். 1957இல் அவர் திருமணத்துக்குத் தலைமை தாங்கியவரும் பாவேந்தரே. கொள்கை உரத்தைக் கோபத்தில் மட்டுமே காட்ட வேண்டும் என்று எண்ணுவோர்க்கு, சிரிப்பிலும் காட்டலாம் என்று மெய்ப்பித்தவர்!

'பாசவலை' 1956இல் வந்த படம். அதிலே ஆடும் நரியுமாகச் சிறுவர் விளையாட்டுப் போலத் தொடங்கும் ஒரு பாடல், உடல் மண்ணுக்கே உரியது என்பதில் வந்து நிற்கும். அதைக் கண்டு தாம் வியந்ததை இசையமைப்பாளர் எம்.எஸ். விசுவநாதன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இருபத்தாறு வயதில், சாவைப் பற்றி அழாமல் பாடியவர் அவர்!

இவற்றையெல்லாம் நாம் எண்ணிப் பார்க்கக் காரணம் இருக்கிறது. நம் பள்ளியிலே ஏழாம் வகுப்பில் ஒரு சிறுவன். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கமெல்லாம் அவன் கட்டிய கேலிப் பாட்டு; சத்துணவு முட்டை முதல் பள்ளி மணி வரை எதையும் விடுவதில்லை. "துள்ளுகிற மாடு பொதி சுமக்கும். இப்போதே அடக்கி வைக்க வேண்டும்" என்றார் ஆசிரியர் அறையில் ஒருவர். பட்டுக்கோட்டையாரை நாம் எடுத்துச் சொன்னோம். உடனே வந்தது மறுமொழி: "அதனால்தான் இருபத்தொன்பதிலேயே போய்ச் சேர்ந்தார்!"

படித்தவர், பட்டம் பெற்றவர், பாடம் நடத்துகிறவர் பேசிய பேச்சு இது! நெஞ்சு சுட்டது. எனினும் அமைதியாகவே கேட்டோம்: சிரிப்பு ஆயுளைக் குறைக்குமெனில், உலகையே எள்ளி நகையாடிய பெர்னாட்சா 94 ஆண்டுகள் வாழ்ந்தது எப்படி? கூட்டத்தைக் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்தே மூடநம்பிக்கையைச் சாடிய பெரியாரும் 94 ஆண்டுகள் வாழ்ந்தாரே, அது எப்படி? கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 48 வயதில் மறைந்தார், உண்மை. ஆனால் சிரிக்காத முகத்தினரும் இளமையில் மாண்டிருக்கிறார்களே! சாவின் காரணம் உடலிலே இருக்கிறது, நோயிலே இருக்கிறது, விபத்திலே இருக்கிறது. அதைத் தேட வேண்டிய இடம் மருத்துவம். சோதிடக் கட்டம் அன்று, சிரித்த வாயும் அன்று!

அவர் மறைந்தபோது மணமாகி ஈராண்டே ஆகியிருந்தது. துணைவியார் கையிலே குழந்தை. அந்த இழப்பை எந்தத் தத்துவமும் ஈடுசெய்யாது. 'விதி' என்று சொல்லி அதற்கு விளக்கம் தந்துவிட்டதாக எண்ணுவது, அழுகின்றவரை மேலும் அவமதிப்பதே ஆகும். ஆனால் சாவால் ஆகாத ஒன்றும் உண்டு. 1961இல் வெளிவந்த 'அரசிளங்குமரி' படத்திலே, எம்.ஜி.ஆர். ஒரு சிறுவனுக்குப் பாடுவதாக அவருடைய பாடல் ஒன்று அமைந்தது. மரத்திலே பேய் இருப்பதாகக் கூறி அச்சமூட்டுவோர் பேச்சை நம்பாதே என்று குழந்தைக்குக் கூறும் பாடல். எழுதியவர் மறைந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பேயை விரட்டும் அவர் குரலோ கொட்டகைதோறும் ஒலித்தது!

அந்தப் பாடலை ஏழாம் வகுப்பிலே பாடிக் காட்டினோம். கேலிப் பாட்டுக்காரன் இரண்டாம் முறை கேட்டான். மூன்றாம் முறை தானே பாடினான். அவன் கவிஞனாவானா, நாம் அறியோம். அஞ்சாதவனாக வளரட்டும், அது போதும்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் சிரித்து வாழ்ந்த இளைஞன் ஒருவன் திடீரென மறைந்திருக்கக் கூடும். இரங்கற் கூட்டம் நடத்துங்கள். படம் திறந்து வையுங்கள். கண்ணீர் வந்தால் சிந்துங்கள். ஆனால், தலையெழுத்தென்று எவரேனும் தொடங்குமுன், நீங்கள் எழுந்து நின்று அவன் செய்த குறும்பு ஒன்றைச் சொல்லுங்கள், அவன் கட்டிய பாட்டொன்றைப் பாடுங்கள்! கூட்டம் அழுதுகொண்டே சிரிக்கட்டும். வாழ்ந்தவனுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவன் வாழ்ந்த விதத்தை மறைக்காமல் சொல்வதே!