பின்னே நிற்கும் ஆடு

விடுமுறை மாலையொன்றில், கிணத்துக்கடவில் ஒரு வீட்டுத் திண்ணையில் நண்பர்கள் மூவர் கூடினோம். பேச்சு, 1985இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட மாரியோ வீடியோ விளையாட்டில் தொடங்கிற்று. அதில் வீரனுக்கு உயிர் 3. தீர்ந்தால் முதலிலிருந்து ஆடலாம். பின்னர், கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் உருவாகி 1954இல் வெளிவந்த ‘மலைக்கள்ளன்’ படத்தை எங்கள் பாட்டனார்கள் வியந்து பேசியதை நினைத்து மகிழ்ந்தோம்.

இறுதியில் சுண்ணக்கட்டியால் ஆடுபுலிக் கட்டம் வரைந்தோம். புலிகள் 3, ஆடுகள் 15. ஆட்டுக்குப் பின்னால் இடம் வெறுமையாயிருந்தால் புலி தாவி வெட்டிவிடும்; அங்கே மற்றோர் ஆடு நின்றால் தாவ இயலாது.

அப்போதுதான், எங்களுள் ஆடு நகர்த்துவதில் வல்லவனான நான்காம் நண்பன் நினைவுக்கு வந்தான். கட்டணம் செலுத்த வழியின்றிப் படிப்பை நிறுத்தித் தென்னைநார் ஆலைக்கு வேலைக்குச் சென்றவன் அவன். அந்நாளில் அவன் பின்னே நாங்கள் ஒருவரும் நிற்கவில்லை.

ஆட்டத்தை விட்டெழுந்து அவன் வீட்டுக்குச் சென்றோம். “என்னங்கடா, ஆடு பத்தலையா?” என்று நகைத்தான்.

“ஆமாம்” என்றோம். அவன் மீண்டும் கல்லூரியில் சேரும் வழிகளை அன்றிரவே கூடிப் பேசினோம். மாரியோவுக்கு உயிர் மூன்று, மனிதனுக்கு ஒன்றே. அதற்குப் பின்னே நிற்பதுதானே நட்பு!