ஊருக்காக ஒரு வேளைச் சோறு

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

டோம்பிவிலியிலிருந்து பெரியம்மா, டொராண்டோவில் இருக்கும் உனக்கு எழுதுவது.

வீட்டில் யாருக்கும் வியாதி இல்லை, கடன் இல்லை, பிறகு எதற்கு வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் என்று கேட்டாய். ஊருக்காக என்றேன். அது போனில் சொல்லித் தீரும் காரியமில்லை. அதனால் எழுதுகிறேன்.

சொந்தத் தேவைக்காக மட்டுமல்ல, ஊருக்காகவும் பட்டினி கிடப்பது சபையின் ஆதிப் பழக்கம். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேட்ட நெகேமியா அழுதார், உபவாசித்தார். அதோடு நிற்கவில்லை. ராஜாவிடம் உத்தரவு வாங்கிப் போய் 52 நாளில் மதிலைக் கட்டி முடித்தார். 2ஆம் நூற்றாண்டில் அரிஸ்டைடிஸ் என்ற ஏதென்ஸ் ஞானி, கிறிஸ்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ரோமச் சக்கரவர்த்திக்கு எழுதிக் கொடுத்தார். தங்களிடம் மிச்சம் இல்லாதபோதும் ஏழை ஒருவன் பசித்திருந்தால், இரண்டு மூன்று நாள் தாங்கள் சாப்பிடாமல் இருந்து அந்த உணவை அவனுக்குக் கொடுக்கிறார்கள் என்று அதில் சொல்லியிருக்கிறார். உபவாசம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

ஊர் முழுவதும் சேர்ந்து உபவாசித்ததும் உண்டு. 5ஆம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்து வியன் நகரம் நிலநடுக்கத்தாலும் தீயாலும் கலங்கியபோது, மாமெர்ட்டஸ் என்ற பேராயர் மூன்று நாள் உபவாசமும் ஜெப ஊர்வலமும் ஏற்படுத்தினார். அடுத்த நூற்றாண்டில் மெசொப்பொத்தாமியாவில் கொள்ளைநோய் பரவியபோது, யோனாவின் பிரசங்கம் கேட்டு மனந்திரும்பிய நினிவே ஜனங்களைப் போல அங்குள்ள சபையார் மூன்று நாள் உபவாசித்தார்கள். கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் இன்றைக்கும் அதை மூன்று நோன்பு என்று கடைப்பிடிக்கிறார்கள். குறவிலங்காடு கோயிலில் யோனாவின் கப்பலைத் தூக்கி வருவது அந்த நோன்பில்தான்.

நம் திருநெல்வேலிச் சீமைக்கு வருவோம். கிறிஸ்தவரானதற்காகப் பண்ணையார்களால் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த, 1830-ல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் தர்ம சங்கம் தொடங்கினார்கள். ஜெபித்தவர்கள் பணத்தையும் போட்டார்கள். அதே போல நம் ஆச்சியும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவாள். உபவாச நாளில் அந்த வேளைக்கான அரிசி முழுவதும் கலயத்துக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்கு. 1903-ல் அசரியா போன்றவர்கள் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்தைத் தாங்கியது நம் ஊர்ச் சபையாரின் காணிக்கையும் ஜெபமும்தான்.

அந்தப் பழக்கம் நம் ஜனங்களோடு பம்பாய்க்கும் ரயிலேறியது. தோல் பதனிடும் வேலைக்குத் தாராவிக்கு வந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். சால் என்ற வரிசை வீடுகளில் பத்துக்குப் பத்து அறை. அதற்குள்ளே குடும்பம், விருந்தாளி, ஜெபக்கூட்டம் எல்லாம். பிறகு வாடகை தாங்காமல் எத்தனையோ குடும்பங்கள் கல்யாண் ரயில் பாதையோரம் வீடு பிடித்துப் போயின. நாங்களும் அப்படித்தான் டோம்பிவிலிக்கு வந்தோம்.

இந்த மராட்டிய மண்ணிலும் முன்மாதிரி இருக்கிறது. பூனாவுக்கு அப்பால் கேட்காவ்ன் முக்தி மிஷனில், 1896-97 பஞ்சத்தில் ஆதரவற்றுப் போன பெண்பிள்ளைகளைப் பண்டித ரமாபாய் கூட்டிவந்து காப்பாற்றினார். 1905-ல் அங்கே பெரிய எழுப்புதல் உண்டானது. முதலில் சோறு, பிறகு எழுப்புதல். இந்த வரிசையை மறந்துவிடாதே.

இனி எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் நடப்பதைச் சொல்கிறேன். வியாழன் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளி மாலை வரை தண்ணீர் மட்டும். சர்க்கரை வியாதிக்காரர்களும் மாத்திரை எடுப்பவர்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அதில் கண்டிப்பாக இருக்கிறோம். ஸ்தோத்திரம், வேத வாசிப்பு, பாவ அறிக்கை, அப்புறம் ஜெபக் குறிப்பு நோட்டைத் திறப்போம். கீழ் வீட்டுக் காக்கூவின் (மராத்தியில் சித்தி) முழங்கால் ஆபரேஷன், வாட்ச்மேன் மகனின் பத்தாம் வகுப்புப் பரீட்சை, கூட்ட நெரிசலில் ரயில் கதவில் தொங்கிப் போகும் பிள்ளைகள், தண்ணீர் வராத கட்டடம். அதில் நம் சபையார் பெயரைவிட மற்றவர்கள் பெயர்தான் அதிகம். முடிவில் கஞ்சியும் துவையலும். சமைக்காத வேளைக்கான காசு உண்டியலுக்கு.

2016 மே 26, வியாழக்கிழமை. டோம்பிவிலி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை வெடித்தது. 12 பேர் இறந்தார்கள். எவ்வளவோ தள்ளி இருந்த வீடுகளிலும் ஜன்னல் கண்ணாடி உடைந்து விழுந்தது. மறுநாள் எங்கள் உபவாச நாள். கூடியவர்களுக்கு வாயில் வார்த்தை வரவில்லை. ஒரு அக்காதான் எழுந்து, "கண்ணாடி சிதறிக் கிடக்கிற வீடுகளுக்குப் போய் முதலில் கூட்டிப் பெருக்குவோம், ஜெபத்தைப் போகிற வழியில் பண்ணுவோம்" என்றாள். உண்டியலை உடைத்து, சோறும் பருப்பும் ஆக்கிப் பொட்டலம் கட்டி, காயப்பட்ட தொழிலாளிகளோடு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவர்களுக்குக் கொடுத்தோம். உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அவர்கள். 2024 மே 23-ல் அதே வட்டாரத்தில் மறுபடியும் வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அதுவும் வியாழக்கிழமை. அன்றைக்கு யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அவரவர் வீட்டில் அடுப்பு மூட்டினார்கள்.

உபவாசம் கடவுளை நிர்ப்பந்திக்கும் சத்தியாக்கிரகம் அல்ல. ஏசாயா 58ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. பசித்தவனோடு அப்பத்தைப் பகிராத உபவாசத்தைக் கர்த்தர் உபவாசமாகவே எண்ணவில்லை. பசி நம் நெஞ்சை இளக்குகிறது. ஊரார் கஷ்டம் அதற்குப் பிறகுதான் உள்ளே இறங்குகிறது. அப்படி இளகிய மனதோடுதான் ஊருக்காகத் திறப்பிலே நின்று மன்றாட முடியும். தொழிற்சாலைப் பாதுகாப்புக்காக ஜெபிக்கிறவர்கள், அதிகாரிகளிடம் போகும் மனுவிலும் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் போட்டோம்.

பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியாவும் ஒரு கடிதம்தான் எழுதினார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் வாழும் அந்த அந்நிய நகரத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்பது அதன் சாரம். தாராவிக்கு வந்த தாத்தாவுக்கும் டோம்பிவிலிக்கு வந்த எங்களுக்கும் அது பொருந்தியது. உனக்கும் பொருந்தும். ஊர் நினைப்பிலேயே அங்கே காலம் தள்ளாதே. உன் மாடியில் குடியிருப்பவர்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒரு நோட்டில் எழுது. வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டு, அந்தப் பணத்தை உங்கள் பகுதி உணவு வங்கிக்குக் கொடு. பிறகு முழங்காலில் நின்று அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல். இந்த வெள்ளிக்கிழமையே தொடங்கு, மகளே.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

பிரியமுள்ள,
பெரியம்மா