கேட்டிருந்தால்...!

"தம்பி, இந்த ஆண்டு முதலாமாண்டு மாணவர் அறிமுக நாளில் மூத்த மாணவர்கள் சார்பில் நீ ஐந்து நிமிடம் பேச வேண்டும். என்ன பேசலாம் என்று எழுதிக்கொண்டு வா" என்று எங்கள் துறைத் தலைவர் ஐயா பணித்தபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சியா, அச்சமா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. 2025-ஆம் ஆண்டு கல்லூரி திறப்பதற்கு நான்கு நாள்களே இருந்தன. நண்பர்கள் தோரணத்திற்கும் ஒலிபெருக்கிக்கும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் தாளும் பேனாவுமாக வேப்பமரத்தடியில் அமர்ந்தேன். "வருக! வருக!" என்று எழுதினேன். அதற்குமேல் பேனா நகரவில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன் அதே அரங்கில், அதே போன்றதொரு நாளில், என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த ஒருவன் என் கண்முன் வந்து நின்றான். இக்கட்டுரை அவனைப் பற்றியது. என்னைப் பற்றியதும்தான்.

என் ஊர் கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் உள்ள சிற்றூர். அப்பா, சேகோ ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் லாரியில் மூட்டை சுமப்பவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 2023-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். கலந்தாய்வு நாளன்று மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, எல்லாவற்றுக்கும் மும்மூன்று ஜெராக்ஸ் என்று மஞ்சள் பையில் அடுக்கி எடுத்து வந்தோம். அப்பா வாயிலிலேயே நின்றுவிட்டார். "நீ போய்ட்டு வாடா. தெரியலைன்னா யாரையாச்சும் கேளு. கேக்கறதுக்கு என்ன காசா, பணமா?" என்றார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பழமொழி சொல்கிறது. அப்பா சொன்னதும் அதுதான். அன்று எனக்கு அது வெறும் சொல்லாகவே காதில் விழுந்தது.

ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். கல்லூரிக்குப் புறப்படுமுன் அவரிடம் வாழ்த்துப் பெறச் சென்றேன். அவர் ஒரு செய்தி சொன்னார். 1978-இல் மேனிலைக் கல்வி வருவதற்கு முன்பு பள்ளிப் படிப்பு பதினொன்றாம் வகுப்போடு முடிந்துவிடும். அதன்பின் புகுமுக வகுப்பு என்ற ஓராண்டைக் கல்லூரியிலேயே படிக்க வேண்டும். "அந்த ஒரு வருஷமும் நாங்கள் கல்லூரியைப் பழகிக்கொண்ட வருஷம். தடுக்கி விழுந்து எழுந்துதான் பட்ட வகுப்புக்குப் போனோம். உனக்கு அந்த வருஷம் இல்லை. பள்ளி மணி அடித்து ஓய்வதற்குள் பட்ட வகுப்பில் உட்கார்ந்துவிடுகிறாய். பார்த்து நடந்துகொள்" என்றார். அதன் பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கியது. அவருக்கு ஓராண்டாகக் கிடைத்த அறிமுகம் எனக்கு ஒரே நாளில் முடிந்துவிட்டது!

அந்த ஒரு நாளில் எத்தனை செய்திகள்! ஒரு பருவத்திற்கு 90 வேலை நாள்கள். அவற்றில் 75 விழுக்காடு வருகை கட்டாயம். அகமதிப்பீட்டிற்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75 மதிப்பெண்கள். நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, நூலகம் என்று ஒவ்வொருவராக வந்து விளக்கினார்கள். பகடிவதையைத் தடுக்கத் தமிழ்நாடு 1997-லேயே தனிச் சட்டம் இயற்றியதைச் சொன்னபோது பின்வரிசைப் பெற்றோர்கள் கைதட்டினார்கள். இறுதியில், "யாருக்கேனும் ஐயம் உண்டா?" என்று மேடையிலிருந்து கேட்டார்கள். அரங்கில் ஏறத்தாழ நானூறு பேர். ஒரு கையும் உயரவில்லை.

எனக்கு ஐயமே இல்லையா? மூன்று இருந்தன. "டே ஆர்டர்" என்றால் என்ன? "அலைடு" என்றால் என்ன? மாணவர் கழிப்பறை எங்கே இருக்கிறது? பக்கத்து நாற்காலிக்காரனிடம் மெல்லக் கேட்டேன். அவன், "எனக்கு மட்டும் என்னடா தெரியும்?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் நண்பர்களானோம். அவனும் வரலாறு; அவனும் அரசுப் பள்ளி; அவன் வீட்டிலும் அவன்தான் முதல்.

டே ஆர்டர் எங்களுக்குப் பாடம் புகட்டியது முதல் வாரத்திலேயே! திங்கள் முதல் புதன் வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று கிழமையோடு ஒத்துப்போயிற்று. வியாழன் விடுமுறை. வெள்ளி ஐந்தாம் நாள் என்று எண்ணி ஐந்தாம் நாள் புத்தகங்களோடு வந்தோம். கல்லூரிக் கணக்கில் அது நான்காம் நாள்! பகுதி-1 தமிழுக்கு எந்த அறை என்று தெரியாமல் கூட்டத்தோடு கூட்டமாக ஓர் அறையில் நுழைந்து அமர்ந்தோம். பேராசிரியர் வந்து பலகையில் அறுகோணங்களாக வரைந்தார். நாங்களும் பயபக்தியோடு வரைந்துகொண்டோம். அரைமணி நேரம் கழித்துத்தான் அது இரண்டாமாண்டு வேதியியல் வகுப்பு என்று தெரிந்தது. எழுந்து "ஐயா, இது எந்த வகுப்பு?" என்று கேட்க இருவருக்குமே நா எழவில்லை. மணி அடிக்கும்வரை வேதியியல் படித்தோம்!

இன்றும் நினைத்தால் சிரிப்பு வரும் நிகழ்ச்சி அது. ஆனால் அதே கூச்சம் அடுத்த மாதம் செய்த காரியம் சிரிப்பதற்கு உரியதன்று.

அவன் வகுப்பில் தூங்குவான். முதல் மணியிலேயே தலை சாய்ந்துவிடும். "தூங்குமூஞ்சி" என்று வகுப்பே பெயர் வைத்தது. நானும் அப்படி அழைத்திருக்கிறேன். ஒருநாள் உணவு இடைவேளையில்தான் சொன்னான். அக்காவின் திருமணக் கடனுக்காக இரவெல்லாம் விசைத்தறி ஓட்டுகிறான். காலை 6 மணிக்குப் பட்டறையிலிருந்து வந்து, குளித்து, அப்படியே பேருந்து ஏறிவிடுகிறான். "இதே படிப்பு மத்தியானத்துல இருந்தா ரெண்டு மூணு மணி நேரம் தூங்கிட்டு வந்துடுவேன்டா" என்றான்.

நம் கல்லூரியில் காலையில் முதல் சுழற்சி, பிற்பகலில் இரண்டாம் சுழற்சி நடப்பதை நீங்கள் அறிவீர்கள். நாங்கள் வகுப்பை விட்டு வெளியேறும்போது இரண்டாம் சுழற்சி மாணவர்கள் அதே வகுப்பறைக்குள் நுழைவதை நாளும் பார்த்தோம். 'இவனை அதில் மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்த்தால் என்ன?' என்று என் மனம் சொன்னது. "நான் ஐயாவிடம் கேட்கிறேன்டா" என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

துறை அறை வாசலுக்கு மூன்று முறை சென்றேன். மூன்று முறையும் ஐயா குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். 'இதென்ன கேள்வி, உனக்கேன் இந்த வேலை என்று கடிந்துகொண்டால்?' என்று எண்ணித் திரும்பிவிட்டேன். "ஐயா இல்லைடா" என்று அவனிடம் பொய்யும் சொன்னேன்.

செப்டம்பர் மாதம் அவன் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். இரண்டு வாரம் பார்த்தேன். பிறகு வருகைப் பதிவேட்டில் அவன் பெயர்மீது ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

இரண்டாம் பருவத்தில் ஒருநாள் ஐயா வேறொரு மாணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தது தற்செயலாக என் காதில் விழுந்தது. "இரண்டாம் சுழற்சியில் இடம் காலியாக இருந்தால் மாறிக்கொள்ளலாம். முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி என்னிடம் கொடு" என்றார். அவ்வளவுதான்! ஒரு தாள். ஒரு விண்ணப்பம். நான் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவனை மீண்டும் சந்தித்தது 2024 ஆகஸ்டில். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் அம்மாதம் 9-ஆம் நாள் தொடங்கியிருந்தது. வங்கிக்குப் போய்விட்டுப் பேருந்து நிலையத்தில் நின்றேன். நூல் மூட்டையோடு அவன் வந்தான். "என்னடா, வேதியியல் எப்படிப் போகுது?" என்று சிரித்தான். மறைக்க முடியவில்லை. சுழற்சி மாற்றம் பற்றியும், நான் வாசல்வரை போய்த் திரும்பியது பற்றியும், சொன்ன பொய்யைப் பற்றியும் எல்லாம் சொன்னேன்.

அவன் கோபிக்கவில்லை. சிறிது நேரம் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன்னை மட்டும் சொல்லி என்னடா? நானும்தான் கேட்டிருக்கலாம்" என்றான். அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று எடுத்துச் சொன்னேன். "பாக்கலாம்டா" என்றான். தேநீருக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

இதையெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டு "வருக! வருக!" என்று எப்படி எழுதுவேன்? தாளைத் திருப்பினேன். முதலாமாண்டில் எனக்குத் தெரியாமல் போனவற்றை ஒவ்வொன்றாக எழுதினேன். டே ஆர்டர் என்பது கிழமை அன்று, வேலை நாளின் வரிசை. ஆறு நாள் கொண்ட சுற்று. இடையில் விடுமுறை வந்தால் வரிசை மறுநாளுக்குத் தள்ளிப் போகும். அலைடு என்பது முதன்மைப் பாடத்திற்குத் துணையாக வரும் பாடம். 90 நாளில் 75 விழுக்காடு என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். கல்வி உதவித்தொகைக்கும் பேருந்துப் பயண அட்டைக்கும் அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது, சுழற்சி மாற எப்படி விண்ணப்பிப்பது, கழிப்பறை எங்கே உள்ளது... பக்கம் நிறைந்துவிட்டது. ஐயாவிடம் நீட்டினேன். ஏன் இப்படி எழுதினேன் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

ஐயா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மூன்று முறை வாசல்வரை வந்தாயா? நான் ஒருமுறையாவது நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும்" என்றார். அந்தச் சொல்லை நான் எதிர்பார்க்கவில்லை. என் கண்கள் கலங்கிவிட்டன.

இவ்வாண்டு அறிமுக நாளில் எங்கள் துறையில் ஒரு மாற்றம் செய்தோம். என் தாளை ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தோம். "ஐயம் உண்டா?" என்று மேடையிலிருந்து கேட்கவில்லை. பத்துப் பத்துப் பேராக மரத்தடியில் அமரவைத்து, ஒவ்வொரு குழுவிலும் ஒரு மூத்த மாணவரோ மாணவியோ அமர்ந்தோம். "முதலில் என் கதையைக் கேளுங்கள்" என்று வேதியியல் வகுப்பில் அறுகோணம் வரைந்த கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். சிரித்த வாய்களிலிருந்து கேள்விகள் வந்தன. "அண்ணா, புதுமைப் பெண் பணத்துக்கு எங்கே எழுதிக் கொடுக்கணும்?" "அண்ணா, ஆங்கிலம் புரியலைன்னா தமிழிலே கேட்கலாமா?" "அண்ணா, பஸ் ஒன்பதரைக்குத்தான் வரும், என்ன செய்யறது?"

எல்லாரும் எழுந்து சென்ற பிறகு ஒருவன் மட்டும் பின்தங்கினான். "அண்ணா, நான் காலையிலே பால் சொசைட்டியிலே வேலை பாக்கறேன். மத்தியான வகுப்பு கிடைக்குமா?" என்று கீழே பார்த்தபடி கேட்டான்.

"கிடைக்கும்" என்று நான் சொல்லவில்லை; அது என் கையில் இல்லை. "வா, கேட்போம்" என்றேன். துறை அறை வாசலில் அவன் தயங்கினான். ஐயா குனிந்து எழுதிக்கொண்டுதான் இருந்தார். எனக்கும் கால் ஒரு கணம் பின்வாங்கியது. "ஐயா, உள்ளே வரலாமா?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அருமைத் தோழர்களே! செல்வர் முன் வறியவர் நிற்பதுபோல் பணிந்து நின்றேனும் கற்க வேண்டும் என்ற கருத்தை வள்ளுவர் கல்வி அதிகாரத்தில் சொல்கிறார். அப்படி நிற்பவர் கேட்கத்தானே வேண்டும்? கல்லூரிக்குப் புதிய சட்டையும் புதிய பையும் எடுத்து வையுங்கள், தவறில்லை. அவற்றோடு, வாயைத் திறந்து கேட்கும் துணிவையும் எடுத்து வாருங்கள். நீங்கள் கேட்காத கேள்வி உங்கள் பக்கத்து நாற்காலிக்காரனுடைய வாழ்வாகவும் இருக்கலாம்.

— மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு