நான்கு ஊர்... நான்கு கோலம்... ஒரு மலை! - திருநீர்மலையில் ஒரு பாசுரத்தைப் பிரித்துப் படித்தபோது

திருநீர்மலை என்றதும் சென்னைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கல்யாணம்தான். முகூர்த்த நாளில் போனால், மாலையும் கழுத்துமாக எதிரே வரும் ஜோடிகளுக்கும் வீடியோகிராபர்களுக்கும் வழிவிட்டே பாதி நேரம் போய்விடும். அதனால் முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினேன். மொபைலில் பத்துப் பாசுரங்களை எடுத்து வைத்திருந்தேன். திருமங்கையாழ்வார் இந்த மலையைப் பற்றிப் பாடியவை. பெரிய திருமொழியில் இரண்டாம் பத்தின் நான்காம் திருமொழி. அதில் முதல் பாட்டு வீட்டில் படித்தபோது பாதிதான் புரிந்தது. மீதியை அந்த இடத்திலேயே போய்ப் படித்துப் பார்க்கலாமே என்று ஓர் ஆசை.

பல்லாவரத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் சேர்ந்துவிட்ட ஊர். வழியெங்கும் டைல்ஸ் கடை, பிரியாணிக் கடை, அப்பார்ட்மென்ட் விளம்பரம். திடீரென்று அவற்றுக்கு நடுவே குளமும் கோபுரமும், பின்னால் மலையும்.

இங்கே இரண்டு கோயில்கள். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள், நின்ற கோலத்தில். படியேறிப் போனால் மலைமேல் மூன்று பேர். ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார், நரசிம்மர் அமர்ந்திருக்கிறார், உலகளந்த பெருமாள் அடியெடுத்து வைக்கிறார். நிற்பது, இருப்பது, கிடப்பது, நடப்பது என நான்கு கோலங்களும் ஒரே தலத்தில். வருகிறவர்களிடம் எல்லோரும் பெருமையாகச் சொல்வது இதைத்தான்.

இப்போது அந்த முதல் பாட்டுக்கு வருவோம். ஆழ்வார் முதலில் நான்கு ஊர்ப் பெயர்களை அடுக்குகிறார்: திருநறையூர், திருவாலி, குடந்தை, கோவலூர். அதன்பிறகு நான்கு வினைகளை அடுக்குகிறார்: நிற்றல், இருத்தல், கிடத்தல், நடத்தல். எந்த ஊரில் எந்தக் கோலம் என்று அவர் சொல்லவே இல்லை. வரிசைதான் சொல்கிறது. முதல் ஊருக்கு முதல் வினை, இரண்டாவதற்கு இரண்டாவது... அப்படியே பொருத்திக்கொண்டே போக வேண்டும்.

இதன் பெயர் நிரல்நிறை. தொல்காப்பியமே பேசுகிற பழைய உத்தி. நன்னூலில் இது ஒரு பொருள்கோள், தண்டியலங்காரத்தில் ஓர் அணி. புரியவில்லையா? 'வடபழனி, மயிலாப்பூர், மாங்காடு: முருகன், கபாலீசுவரர், காமாட்சி' என்று எழுதிப் பாருங்கள். வரிசையைக் கலைத்தால் மாங்காட்டில் முருகனைத் தேட வேண்டியதுதான்!

படியில் இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு அப்பாவிடமும் மகளிடமும் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "அண்ணா, இது எங்க டென்த் புக்ல இருக்கு. ரெண்டு மார்க் கொஸ்டின்" என்றாள் அந்தப் பெண். இல்வாழ்க்கை பற்றிய குறள்தான் அவர்களுக்கு எடுத்துக்காட்டாம். "பாடத்துல இருக்கறது கோயிலுக்கு வந்தும் விடலையா பாப்பா?" என்று அப்பா சிரித்தார். மொபைலை வாங்கி, விரல் விட்டு ஊரையும் வினையையும் அவளே பொருத்தினாள். நறையூரில் நம்பி நிற்கிறார். திருவாலியில் நரசிம்மர் அமர்ந்திருக்கிறார். குடந்தையில், அதாவது கும்பகோணத்தில், சாரங்கபாணி கிடக்கிறார். திருக்கோவலூரில் திருவிக்கிரமர் நடக்கிறார். எல்லாம் சரி!

"அப்போ இந்த நாலும் வேற ஊர்ல இருக்கற சாமி. இந்த ஊர் சாமி எங்கே?" என்றாள் அடுத்து.

சரியான கேள்வி. பாட்டு அதற்கு விடை வைத்திருக்கிறது, கடைசிச் சொல்லில். நான்கு ஊரிலும் நான்கு விதமாக இருக்கிற அவனுக்கு இடம் இந்த நீர்மலை என்று முடிக்கிறார். திருவாலியில் அமர்ந்தவர் நரசிம்மர், மலைமேல் அமர்ந்திருப்பவரும் நரசிம்மர். கோவலூரில் நடப்பவர் உலகளந்தவர், இங்கேயும் அவரே. சோழ நாட்டிலும் நடுநாட்டிலும் சிதறிக்கிடக்கும் நான்கு தலங்களை ஒரு குன்றில் கொண்டுவந்து குவித்துவிட்டார் மனிதர். அடிவாரத் தாயாரின் பெயரான அணிமாமலர் மங்கையும் இதே முதல் பாட்டில் வருவதுதான்.

ஏன் இந்த நான்கு ஊர்கள்? இங்கே என் ஊகம் ஒன்றைச் சொல்கிறேன். திருமங்கையாழ்வார் சீர்காழிப் பக்கத்துத் திருக்குறையலூரில் பிறந்தவர். ஆலிநாட்டை ஆண்டவர். திருவாலி அவருக்குச் சொந்த ஊர் மாதிரி. திருநறையூர் அவருக்கு முத்திரை பதித்து வைணவராக்கிய நம்பியின் ஊர் என்பது மரபு. நூறு பாசுரங்களுக்கு மேல் பாடியும் அந்த ஊரை அவரால் விட முடியவில்லை. தொண்டை நாட்டுக்கு வந்து நிற்கிறவர் பட்டியல் போடும்போது வாயில் முதலில் வருவது அந்த இரண்டு ஊர்களும்தான். ஊர் நினைப்பு என்று நான் படிக்கிறேன். பக்தி இலக்கியத்தில் அதற்கு இடமில்லை என்று யார் சொன்னது?

இரண்டாம் பாட்டு இன்னும் விறுவிறுப்பு. காண்டவ வனத்தைத் தீ தின்னும் காட்சியில் தொடங்குகிறது. இரணியன் மார்பு பிளப்பதும், குறளன் நெடிது நிமிர்வதும் அடுத்தடுத்து வருகின்றன. இவ்வளவும் செய்தவன் யார், அவன் இடம் எது என்று மூச்சிரைக்கக் கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் நீர்மலை. நெருப்பில் தொடங்கிய பாட்டு நீரில் வந்து அணைகிறது. ஒன்பது பாட்டுகளும் இப்படி மலையின் பெயரிலேயே முடிகின்றன. பத்தாவதில் மட்டும் அந்தப் பெயர் கடைசியிலிருந்து முதலடிக்கு இடம்மாறிவிடுகிறது. அந்த இடமாற்றத்தை நான் கவனித்தது படியேறி முடித்து, மேலே உட்கார்ந்து திரும்பப் படித்தபோதுதான்.

சரி, நீர் எங்கே? ஆழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருந்ததாகவும், வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்ததாகவும் தலக்கதை சொல்கிறது. அதனால்தான் நீர்மலை. மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை மொட்டைமாடிகள், தண்ணீர் டேங்குகள், மீனம்பாக்கத்தை நோக்கித் தாழும் விமானங்கள். ஆறு மாதமா, கொஞ்சம் மிகையோ என்று தோன்றும். ஆனால் 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர் பகுதிகள் மூழ்கியதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இந்த வட்டாரத்து மண்ணுக்குத் தண்ணீர் புதிதல்ல. தேங்கி நிற்க அதற்கு இருந்த இடத்தில்தான் நாம் வீடு கட்டியிருக்கிறோம். மலையின் பெயர் ஒரு வகையில் பழைய வெள்ள எச்சரிக்கை.

இன்னொரு சுவாரஸ்யம். பெரிய திருமொழியின் இரண்டாம் பத்தை வரிசையாகப் புரட்டுங்கள். திருவேங்கடம், திருவள்ளூர், திருவல்லிக்கேணி, திருநீர்மலை, கடல்மல்லை, திருவிடந்தை... மேப்பில் குறித்தால் வடக்கிலிருந்து தெற்கே இறங்குகிற பாதை. கடல்மல்லையிலிருந்து கொஞ்சம் பின்னால் திரும்பித் திருவிடந்தை. அதன்பின் காஞ்சிபுரம், அங்கிருந்து கோவலூர். நிரல்நிறையில் சொன்ன கோவலூருக்கு இரண்டாம் பத்தின் கடைசித் திருமொழியில் நாமும் போய்ச் சேர்ந்துவிடுகிறோம்!

போக நினைப்பவர்களுக்கு: மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே ஏறிவிடுங்கள். வெயிலில் படி சுடும். பாசுரங்களை மொபைலில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கீழே நீர்வண்ணரைப் பார்த்துவிட்டு, அப்புறம் மேலே போங்கள். நிற்பவரில் தொடங்கினால் பாட்டின் வரிசையும் பாதி கைக்கு வந்துவிடும்.