கொம்பு கம்பத்தில், குரல் பெட்டியில்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு ஊர் ஊராகச் சங்கு ஊதுவார்கள். டொர்னேடோ என்னும் சுழற்காற்று வரும்போது வெளியில் இருப்பவர்களை எச்சரிப்பதற்கான சங்குகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அது. ஓஹையோவின் கொலம்பஸில் புதன் நண்பகல், ஓக்லஹோமா நகரத்தில் சனி நண்பகல், மினசோட்டாவில் மாதத்தின் முதல் புதன் பகல் 1 மணி என்று இடத்துக்கு இடம் நேரம் மாறும். நேரம் மாறினால் பாதகமில்லை. ஒலியும் அதன் பொருளும் மாறுகின்றன என்பதுதான் கவலை.

இல்லினாயில் சோளக்காடுகளுக்கு நடுவே கிடக்கும் சிற்றூர்கள் பலவற்றின் சங்குகளைப் பராமரிக்கும் இருவருடன் லாரியில் சுற்றினேன். மூத்தவர் எலெக்ட்ரீஷியன், தலை முழுக்க நரைத்தவர். இளையவர் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்து இந்த வேலைக்கு வந்தவர். ஆளைத் தூக்கும் கூண்டு லாரியின் முதுகில் மடிந்து கிடந்தது. அன்றைய வேலையில் பெரும்பகுதி தரையில் நின்றபடியே முடிந்தது. கம்பத்தின் உச்சியில் இருப்பது கொம்பு மட்டும்தான். அதை எப்போது, எவ்வளவு நேரம், எந்த விதமாக ஊத வைப்பது என்று முடிவுசெய்வது கம்பத்தோடு நெஞ்சுயரத்தில் இறுக்கிக் கட்டிய ஒரு பெட்டி. கன்ட்ரோலர் என்பது அதுதான்.

மூத்தவர் பெட்டியைத் திறப்பதற்கு முன் கதவை விரலால் தட்டிப் பார்ப்பார். உள்ளே குளவி இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அடுத்தது மின்சாரத்தைத் துண்டிப்பது. ரேடியோ வழியாக எந்த நொடியிலும் சங்கை முடுக்கிவிட முடியும் என்பதால், சுவிட்சை இறக்கித் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். மேலே ஏறுவது இளையவராக இருந்தால் சாவி மூத்தவரிடம் இருக்காது. ஏறுகிறவர் பையில்தான் இருக்கும். நூறடி தூரத்தில் 125 டெசிபல் வரை முழங்கும் கருவியின் வாய்க்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு அந்தச் சாவிதான் காது.

பெட்டிக்குள் அடித்தட்டில் நான்கு பேட்டரிகள். தொடராக இணைத்தால் 48 வோல்ட். அவற்றை எப்போதும் நிரப்பிக்கொண்டே இருக்கும் சார்ஜர், மேலே ரேடியோ, அதன் பக்கத்தில் குறியீட்டைப் பிரித்தறியும் அட்டை, பிறகு ரிலேக்கள், மோட்டாருக்கு மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும் கனத்த காண்டாக்டர்கள். மின்சாரம் போன புயல் நாளிலும் ஊத வேண்டும் என்பதற்காகவே இந்தப் பேட்டரிகள். பழைய சங்குகள் பலவற்றுக்கு இந்த வசதி இல்லை. ஊரில் கரண்ட் போனால் அவையும் ஊமை.

ஒலி பிறக்கும் விதம் எளிது. துளைகள் கொண்ட ஒரு சக்கரம் அதேபோன்ற துளைகள் கொண்ட கூட்டுக்குள் சுழன்று காற்றை நறுக்கித் தள்ளுகிறது. பத்துத் துளைகள், நிமிடத்துக்கு 2,800 சுற்று என்றால் நொடிக்கு ஏறத்தாழ 467 அதிர்வுகள். வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். ஃபெடரல் சிக்னல் நிறுவனம் 1950-களில் கொண்டுவந்த தண்டர்போல்ட் சங்கின் இரட்டைக் குரல் வகை ஒன்றில் ஒரே அச்சில் ஐந்து துளை வரிசையும் ஆறு துளை வரிசையும் உண்டு. தனியாக ஒரு ஊதி காற்றை அழுத்திக் குழாய் வழியே மேலே அனுப்பும். ஆறுக்கு ஐந்து என்பது ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள விகிதம். வேகம் எப்படி மாறினாலும் இரண்டும் ஒரே அச்சில் இருப்பதால் அந்த இடைவெளி குலையாது. ஸ்வரம் இரண்டும் கைகோத்தபடி ஏறி, கைகோத்தபடி இறங்கும். அந்தக் குரலில் இருக்கும் துயரத்துக்கு இந்தக் கணக்கே காரணம் என்று நினைக்கிறேன்.

கொம்பு கொடுப்பது அவ்வளவுதான். மற்றதெல்லாம் பெட்டியின் வேலை. காண்டாக்டரை மூடியே வைத்தால் சுருதி உச்சிக்கு ஏறி அங்கேயே நிற்கும். அது நீள் ஒலி. சில நொடி மின்சாரம், சில நொடி நிறுத்தம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் சக்கரம் வேகம் பிடித்து, தளர்ந்து, மறுபடி பிடிக்கும். அது ஏற்ற இறக்க ஒலி. எத்தனை நொடி கொடுக்கிறோம், எத்தனை நொடி நிறுத்துகிறோம் என்பதில்தான் சங்கின் குணம் மாறுகிறது. நிறுத்தம் நீண்டால் சுருதி அடிமட்டம் வரை சரிந்து உறுமும். குறுகினால் மேலேயே நின்று நடுங்கும். அச்சு அசலாக ஒரே சங்கை அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் கேட்டேன். முதல் ஊரில் அது அழுதது, இரண்டாவது ஊரில் விரட்டியது. டைமர் வேறு, அவ்வளவே.

பழைய டைமர் ஒன்றை மூத்தவர் லாரியில் வைத்திருந்தார். சின்ன மோட்டார், அது சுழற்றும் ஒரு பல் தட்டு, தட்டின் மேடு அழுத்தும்போது இணைப்பு, பள்ளம் வரும்போது துண்டிப்பு. தட்டின் விளிம்பை என் விரலால் தடவச் சொன்னார். ஓரிடத்தில் மேடு தேய்ந்து வழவழவென்று இருந்தது. அந்தத் தேய்மானம்தான் ஓர் ஊரின் சங்குக்கு வருடக்கணக்காக ஒரு தனி இழுவையைக் கொடுத்திருக்கிறது. இன்றைய அட்டைகளில் நொடிக் கணக்கை எண்ணாகவே பதிந்துவிடலாம். தட்டு தேயும் கவலை இல்லை. ஆனாலும் ஒரே கட்டளையில் கிளம்பும் மூன்று கம்பங்கள் கொஞ்ச நேரத்தில் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. பேரிங்கின் தளர்ச்சி கம்பத்துக்குக் கம்பம் வேறு.

சுழலும் சக்கரமே இல்லாத மின்னணுச் சங்குகளும் உண்டு. ஒலிபெருக்கிக் கூண்டுகள் அடுக்கடுக்காக நிற்கும். எந்த ஒலியையும் எழுப்பும், மனிதக் குரலிலும் பேசும், நிறுத்தினால் சட்டென்று நின்றுவிடும். சக்கரச் சங்கு அப்படி நிற்காது. மின்சாரம் போன பிறகும் சற்று நேரம் இறங்கிக்கொண்டே போகும். எனக்குச் சக்கரச் சங்கையே பிடிக்கிறது. முதல் உறுமலிலிருந்து உச்சிக்கு ஏறுகிற அந்த நேரத்திலேயே மனிதர் தலை நிமிர்ந்துவிடுகிறார்.

செவ்வாய்க்கிழமை சோதனையில் ஒரு கம்பத்தின் கீழ் நின்றோம். ஒலி ஏறியது. மூத்தவர் தலையைச் சாய்த்தார். “மேலே போகவில்லை” என்றார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பெட்டி இருவழித் தொடர்பு கொண்டது. மோட்டாருக்கு மின்னோட்டம் போனதா, கொம்பு சுழன்றதா, கதவு திறந்திருக்கிறதா என்றெல்லாம் தானே அலுவலகத்துக்குத் தெரிவிக்கும். எல்லாம் சரி என்றே தெரிவித்திருந்தது. மீட்டரை வைத்தார்கள். ஓய்வில் நான்கு பேட்டரிகளும் நன்றாகவே காட்டின. சங்கை ஒரு கணம் முடுக்கியதும் மூன்றாவது பேட்டரி 9 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தது. சுமை வந்தபோது அது தாங்கவில்லை. அடுத்த புயல் இரவில் அந்தச் சங்கு பாதிச் சுருதியில் முனகியிருக்கும். பழைய பேட்டரிகள் நான்கையும் மாற்றினார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது பழையவற்றோடு சேர்ந்து கெடும் என்றார் இளையவர்.

இளையவரின் காது வேறு விதம். சில ஊர்களின் சங்குகள் ரேடியோவில் வரும் இரண்டு ஸ்வரங்களுக்கு விழிக்கும்: முதலாவது சுமார் ஒரு நொடி, அடுத்தது சுமார் மூன்று நொடி. எந்த ஊருக்கு எந்த இரண்டு என்று அவருக்கு மனப்பாடம். காற்றில் திறந்தபடி போகும் கட்டளை யார் காதிலும் விழும். 2017 ஏப்ரல் 7 இரவு டல்லாஸ் நகரத்தின் 156 சங்குகளையும் யாரோ ரேடியோக் குறியீட்டால் கிளப்பிவிட்டார்கள். நள்ளிரவு தாண்டியும் அவை ஓயவில்லை. அதன்பின் அந்நகரம் கட்டளைகளை மறைகுறியாக்கியது. சிறிய ஊர்களில் அதற்கான பணம் எளிதில் வருவதில்லை.

பெட்டி சரியாக இருந்தும் பயனில்லாத நாட்கள் உண்டு. பக்கத்து மாநிலமான மிசௌரியின் செயின்ட் லூயிஸ் நகரைச் சுழற்காற்று தாக்கிய 2025 மே 16 அன்று அங்கே சங்குகள் ஊதவில்லை. பொத்தானை அழுத்த வேண்டியவர் யார் என்பதில் தெளிவு இல்லாமல் போனது. அதே மாநிலத்தின் ஜாப்ளினில் 2011 மே 22 மாலை சங்கு ஊதியது, ஒருமுறைக்கு இருமுறை. முதல் ஒலியைக் கேட்டவர்களில் பலர் உடனே ஒதுங்கவில்லை. வானத்தைப் பார்த்தார்கள், தொலைக்காட்சியைப் பார்த்தார்கள், வேறோர் உறுதிக்காகக் காத்திருந்தார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஒலிக்கு ஒரே பொருள் இல்லாத நாட்டில் மக்களைக் குறைசொல்ல முடியாது. பனிப்போர்க் காலத்தில் ஏற்ற இறக்க ஒலி அணுகுண்டுத் தாக்குதலுக்கு, நீள் ஒலி பொது எச்சரிக்கைக்கு என்று வகுத்தார்கள். இன்று டல்சாவில் நீள் ஒலி சுழற்காற்றுக்கு, இரண்டு சுருதி மாறி மாறி வருவது வெள்ளத்துக்கு. சிகாகோவில் சுழற்காற்றுக்கே விசித்திரமாக முறைமாறி ஏறி இறங்கும் ஓர் ஒலி. எல்லை தாண்டினால் பாடம் மாறுகிறது. சங்கை ஊதும் அதிகாரம் தேசிய வானிலைச் சேவையிடம் இல்லை. ஊராட்சியும் மாவட்டமும் தத்தம் போக்கில் தீர்மானிக்கின்றன. இது மாற வேண்டும். துளைகளும் பேட்டரிகளும் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், சுழற்காற்றுக்கு நாடு முழுவதும் ஒரே ஒலி போதும். பெட்டிக்குள் சில எண்களைத் திருத்தினாலே முடியும் வேலை இது என்று மூத்தவரும் சொல்கிறார்.

அதுவரை, அந்த மாநிலங்களில் பிள்ளைகளோ உறவினரோ இருப்பவர்கள் அவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் மாவட்டத்தில் எந்த ஒலி எதற்கு, சோதனை எந்த நாள்? இந்தச் சங்கு வெளியில் நிற்பவர்களுக்கானது. மூடிய வீட்டுக்குள் உறங்குபவரை அது எழுப்பும் என்று நம்ப வேண்டாம். படுக்கையருகே வானிலை வானொலி ஒன்றும், எச்சரிக்கை அணைக்கப்படாத கைபேசியும் இருக்கட்டும். வெளியில் இருக்கையில் சங்கு கேட்டால் முதலில் உள்ளே போங்கள்; காரணத்தைப் பிறகு விசாரிக்கலாம்.