முடங்கியாற்றுப் பக்கங்கள்

அக்டோபர் 7, ராஜபாளையம்
மில்லில் நைட் ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். மறுபடி எப்போது என்று யாரும் சொல்லவில்லை. விடிய விடிய விழித்தே பழகிய கண் மூட மறுக்கிறது. விடிந்ததும் நோட்டும் பென்சிலுமாக முடங்கியாற்றுக்குப் போனேன்.

அக்டோபர் 8
மணலும் பாறையும்தான்.

அக்டோபர் 12
ஆடு மேய்க்கும் பெரியவர் பின்னால் வந்து நின்றார். "என்னத்த வரையிறீக? ஆத்துல தண்ணியே இல்லையே." எனக்குப் பதில் வரவில்லை. அவரே நீர்மருத மரத்தைக் கம்பால் தொட்டுக் காட்டினார். இடுப்பு உயரத்தில் சருகும் வேரும் சிக்கிக் கிடந்தன. "இம்புட்டு ஒசரம் வந்துச்சு."

அவர் போன பிறகு கற்களைப் பார்த்தேன். மலையைப் பார்த்த முகமெல்லாம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் மணல் வால் நீட்டியிருக்கிறது. வெள்ளம் வந்த வழி, திரும்பிய திருப்பம், எல்லாம் அப்படியே கிடக்கிறது. வழவழப்புக்கு எச்பி, சொரசொரப்புக்கு 6பி. வெயில் ஏறும்வரை எழுந்திருக்க மனமில்லை.

அக்டோபர் 15
நகைக்கடன் வட்டி. ஒரு கோடுகூடப் போடவில்லை.

அக்டோபர் 19, ஸ்ரீவில்லிபுத்தூர்
அக்காவிடம் பணம் கேட்கத்தான் போனேன். "என்னடா தம்பி, மூஞ்சி இப்படி வாடிக் கெடக்கு?" என்றாள். கேட்காமலே கிளம்பிவிட்டேன்.

பெரியகுளம் கண்மாய்க் கரையில் உட்கார்ந்தேன். 11 நிலை, 192 அடி ஆண்டாள் கோயில் கோபுரம் தாளில் நகமளவுதான். மேற்கே மலை. 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாகி, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான காடு. எங்கள் ஓடைகளெல்லாம் அங்கே பிறந்து, கண்மாய்களை நிரப்பி, மிச்சம் வைப்பாற்றுக்குப் போகின்றன. தூரத்து மலையை லேசாகத் தேய்க்கச் சொல்வார்கள். நான் அழுத்தித்தான் தேய்த்தேன்.

அக்டோபர் 27, ராஜபாளையம்
மலையில் நல்ல மழை. அய்யனார் கோவில் அருவிக்கு வனத்துறை தடை. ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் வருகிறதென்று தெருவெல்லாம் சந்தோஷம். ஊர் குடிக்கும் தண்ணீராயிற்றே!

முடங்கியாறு செம்மண் நிறத்தில் போகிறது, மணல் வால்கள் காட்டிய அதே பக்கமாக. தண்ணீருக்கென்று கோடு எதுவும் போடவில்லை. தாளை வெறுமையாக விட்டு, பாறைகளை மட்டும் கறுப்பாக்கினேன். தண்ணீர் ஓடிற்று. சாரலில் தாள் நமத்துப்போகும் வரை வரைந்தேன். மில் ஞாபகமே வரவில்லை.

அக்டோபர் 28
வந்துவிட்டது.

நவம்பர் 3
மேஸ்திரி வந்தார். பகல் ஷிப்டில் பாதிப் பேருக்கு இடம் இருக்கலாமாம். புதன்கிழமை கேட்டில் பட்டியல் ஒட்டுவார்கள். நாளைக்குள் ஆறு வடிந்தால் மருத மரத்தில் இந்தமுறை சருகு எந்த உயரத்தில் நிற்கிறதென்று பார்க்க வேண்டும்.