யார் உள்ளே, யார் வெளியே

1988 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆட்டங்கள் முடிந்து நள்ளிரவும் கடந்த பிறகு, டெக்சாஸின் மிட்லண்ட் நகருக்கு வெளியே, லாரிகள் நின்று செல்லும் ஓர் இடத்தில் மூன்று பயிற்சியாளர்கள் கூடினார்கள். ஒடெஸா பெர்மியன், மிட்லண்ட் லீ, மிட்லண்ட் ஹை ஆகிய மூன்று உயர்நிலைப் பள்ளிகளின் ஃபுட்பால் அணிகளும் மாவட்டப் பட்டியலில் ஒரே இடத்தில் நின்றன. பெர்மியனை லீ ஒரே புள்ளி வித்தியாசத்தில், 22–21 என்று வென்றிருந்தது. லீயை மிட்லண்ட் ஹை வென்றிருந்தது. மிட்லண்ட் ஹையைப் பெர்மியன் வென்றிருந்தது. பிளேஆஃப் சுற்றிலோ இரண்டு அணிகளுக்குத்தான் இடம். எனவே பூவா தலையா போட்டார்கள். மூவரும் ஆளுக்கொரு நாணயம் சுண்ட வேண்டும். இருவருக்கு ஒரு பக்கமும் ஒருவருக்கு மறுபக்கமும் விழுந்தால் அந்த ஒருவர் வெளியே. கூட்டம் சேர்ந்துவிடக் கூடாதென்று இடத்தை ரகசியமாக வைத்திருந்தார்கள். ஆனாலும் தொலைக்காட்சிக் கேமராக்கள் வந்துவிட்டன. மிட்லண்ட் ஹை வெளியேறியது.

பெர்மியன் அரையிறுதி வரை போய், டல்லஸ் கார்ட்டர் பள்ளியிடம் 14–9 என்று தோற்றது. அந்தப் பருவத்தை அருகிலிருந்து பார்த்து பஸ் பிஸ்ஸிங்கர் எழுதிய ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ 1990இல் வந்தது. கோப்பையை வென்ற கார்ட்டரிடமிருந்து பட்டம் பின்னால் பறிக்கப்பட்டது. அதன் ஆட்டக்காரர் ஒருவரின் கணித மதிப்பெண் பற்றிய வழக்கு அதற்குக் காரணம். எனக்கு அந்த வழக்கைவிட நாணயம்தான் மனதில் தைத்தது. பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் கோடை வெயிலில் தொடங்கிப் பல மாதம் உழைத்த உழைப்பு, அவர்களில் ஒருவர்கூட இல்லாத இடத்தில் ஒரு நொடியில் முடிந்துபோனது. இந்த ஆட்டத்தில் யார் உள்ளே, யார் வெளியே என்பதை முடிவுசெய்யும் வழிகள் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு விளக்கம். இங்கே ஃபுட்பால் என்பது காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம். பள்ளி மட்டத்தில் இதற்கு நாடு தழுவிய கோப்பைப் போட்டி கிடையாது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு விதிப்புத்தகம். உடல் தாங்காது என்பதால் வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான். ஒரு பருவத்தில் ஒன்பது அல்லது பத்து ஆட்டங்கள்.

சிக்கலின் வேர் இந்த எண்ணில்தான் இருக்கிறது. ஓஹையோ மாநிலத்தில் ஏறக்குறைய 700 பள்ளிகள் ஃபுட்பால் ஆடுகின்றன. ஒவ்வொன்றும் சந்திப்பது பத்து எதிரணிகளை மட்டும். ஐபிஎல்லில் இரண்டு அணிகள் சமப்புள்ளியில் நின்றால் நெட் ரன்ரேட்டைப் பார்க்கிறோம். அங்கே எல்லா அணிகளும் ஏறக்குறைய ஒரே எதிரிகளை ஆடியிருப்பதால் அது பொருந்துகிறது. ஓஹையோவின் வடகிழக்கு மூலையில் பத்துக்குப் பத்து வென்ற பள்ளிக்கும், தென்மேற்கு மூலையில் பத்துக்கு எட்டு வென்ற பள்ளிக்கும் பொதுவான எதிரணி ஒன்றுகூட இருக்காது. யார் மேல்?

நெடுங்காலம் இதற்குப் பதில் சொன்னவர்கள் பத்திரிகைக்காரர்கள். ஓஹையோவில் 1947 முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விளையாட்டு எழுத்தாளர்களிடம் வாக்கு வாங்கி மாநில முதலிடத்தை அறிவித்தது. பிறகு யுனைடெட் பிரஸ் பயிற்சியாளர்களின் வாக்கோடு தனிப் பட்டியல் போட்டது. இரண்டும் வேறு வேறு பள்ளிகளைச் சொன்னால் மாநிலத்துக்கு இரண்டு சாம்பியன்கள். வாக்களிப்பவர் வெள்ளிக்கிழமை இரவு ஒரு மைதானத்தில்தான் இருக்க முடியும். மற்றதெல்லாம் கேள்விப்பட்டதும், பெயரின் பழைய மதிப்பும்தான். பெயர் பெற்ற பள்ளிக்கு அது வசதி. மலைப்பக்கத்துச் சின்னப் பள்ளிக்கு அது மூடிய கதவு.

பெயர் என்று வந்தால் மாசிலன் ஊரைத் தாண்டிப் போக முடியாது. ஓஹையோவில் சுமார் 32,000 பேர் வாழும் எஃகுத் தொழில் நகரம். நெடுங்காலம் அங்கே பிறந்த ஆண் குழந்தைக்கு மருத்துவமனையிலேயே ஒரு சிறு ஃபுட்பால் பரிசாகக் கிடைத்தது. பக்கத்து ஊரான கேன்டனின் மெக்கின்லி பள்ளியோடு அவர்களுக்குள்ள பகை 1894இல் தொடங்கியது. பின்னாளில் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் என்ற தொழில்முறை அணிக்கே தன் பெயரைக் கொடுத்த பால் பிரவுன், 1932 முதல் 1940 வரை மாசிலன் பள்ளிக்குப் பயிற்சியாளர். 80 வெற்றி, 8 தோல்வி, 2 சமன். அதில் 1935 தொடங்கிப் பலமுறை மாநில முதலிடம். பின்னாளில் வந்த சக் மேதர் 1948 முதல் 1953 வரை ஆறு முறை. 1970 வரை மாசிலன் தன் கணக்கில் 24 பட்டங்களைச் சேர்த்திருந்தது. ஒன்றுகூட இறுதிப் போட்டி ஆடி வென்றதல்ல, ஏனென்றால் இறுதிப் போட்டி என்று ஒன்றே இல்லை. அந்த அணிகள் வலிமையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்களை எதிர்த்து நிற்கும் வாய்ப்பே கிடைக்காத பள்ளிகளையும் மறக்க முடியவில்லை.

1972இல் ஓஹையோ சங்கம் முதல் பிளேஆஃபை நடத்தியது. மாணவர் எண்ணிக்கைப்படி மூன்று வகுப்புகள். வகுப்புக்கு நான்கு வட்டாரங்கள். வட்டாரத்துக்கு ஓர் அணி. மாநிலம் முழுவதற்கும் மொத்தம் பன்னிரண்டே இடங்கள். அந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க வாக்கு வேண்டாம் என்று முடிவுசெய்தார்கள். ஜாக் ஹார்பின் என்பவர் உருவாக்கிய கணினித் தரவரிசை முறையை ஏற்றார்கள். இன்றும் அந்த ஊர்களில் பருவம் பாதி தாண்டியதும் பேச்செல்லாம் “ஹார்பின் புள்ளி எவ்வளவு?” என்றுதான்.

அந்த முறையின் அழகை விதிப்புத்தகத்தின் சில பத்திகளிலேயே காண முடிகிறது. ஓர் அணியை வென்றால், மாணவர் எண்ணிக்கைப்படி அந்த அணி சேர்ந்த பிரிவுக்கேற்ப முதல்நிலைப் புள்ளி கிடைக்கும். 2013இல் ஏழு பிரிவுகள் வந்த பிறகு, ஆகப் பெரிய பள்ளியை வீழ்த்தினால் 6.5; ஒவ்வொரு பிரிவாகக் கீழே வர வர அரைப் புள்ளி குறைந்து, ஆகச் சிறியதை வீழ்த்தினால் 3.5. சின்னப் பள்ளி பெரிய பள்ளியோடு மோதத் துணிந்து வென்றால் அதற்கு மதிப்பு உண்டு. தோற்றால் பூஜ்யம்.

அடுத்தது இரண்டாம்நிலை. நான் வென்ற அணி, அந்தப் பருவம் முழுக்கத் தான் வென்ற ஆட்டங்களில் சேர்த்த புள்ளிகள் எனக்கும் வந்து சேரும். ஐந்தாம் பிரிவுப் பள்ளி ஒன்று ஆகஸ்டில் மூன்றாம் பிரிவுப் பள்ளியை வென்றதென்று வைத்துக்கொள்வோம், உடனே 5.5 கைக்கு வரும். தோற்ற அந்தப் பள்ளி பிறகு நான்காம் பிரிவு அணிகளை ஆறு முறை வென்றால், ஆட்டத்துக்கு ஐந்தாக முப்பது இரண்டாம்நிலைப் புள்ளிகள். அதனால் ஒரு விந்தையான பாசம் பிறக்கிறது: நாம் வீழ்த்தியவன் இனி எல்லோரையும் வீழ்த்த வேண்டும். அக்டோபர் கடைசி வெள்ளியில், தன் ஊர் ஆட்டம் முடிந்த பிறகும் மக்கள் எழுந்து போவதில்லை. முன்பு தோற்கடித்த அணி இப்போது நூறு மைல் தள்ளி என்ன செய்கிறதென்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். பிறர் ஆட்டத்தைத் தன் ஆட்டமாகக் கவனிக்கவைத்த விதி இது.

இந்த முறை ஒன்றை வேண்டுமென்றே கணக்கில் எடுப்பதில்லை: வெற்றியின் அளவு. ஐம்பது புள்ளி வித்தியாசமும் ஒரு புள்ளி வித்தியாசமும் ஒன்றுதான். கணிதம் மட்டும் பேசுவோர் இதைக் குறை என்பார்கள். வித்தியாசத்தைச் சேர்த்தால் கணிப்பு துல்லியமாகும் என்பது உண்மைதான். ஆனால் துவண்டுபோன பையன்கள்மேல் கடைசி நிமிடம் வரை புள்ளிகளைக் குவிக்கத் தூண்டும் விதியைவிட, துல்லியம் சற்றுக் குறைந்த இந்த விதியே பள்ளிகளுக்கு ஏற்றது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எல்லா மாநிலமும் இப்படி யோசிக்கவில்லை. 1974இல் பிளேஆஃபைத் தொடங்கிய இலினாயில், எதிரணிகள் பெற்ற வெற்றிகளைக் கூட்டித் தரும் புள்ளி, வென்றாலும் தோற்றாலும் கிடைக்கும். வலிமையானவனோடு மோதித் தோற்றவனுக்கும் அங்கே ஒரு மரியாதை. 2001இல் எட்டு வகுப்புகளில் 256 அணிகள் என்றானது. ஆறு வெற்றி இருந்தால் இடம் நிச்சயமாக இருந்தது. ஐந்து இருந்தால் புள்ளியைப் பார்த்தார்கள். இந்த ஆறு என்ற எண்ணே தொல்லையானது. எளிய எதிரணிகளைத் தேடிப் பள்ளிகள் ஒரு லீகிலிருந்து இன்னொரு லீகுக்குத் தாவின. தலைமுறைகளாகத் தொடர்ந்த பக்கத்து ஊர்ப் போட்டிகள் அறுந்தன. இதைத் தடுக்க, சங்கமே மாவட்டம் பிரித்து ஆட்டங்களை நிர்ணயிக்கும் திட்டத்துக்குப் பள்ளிகள் 2018 டிசம்பரில் குறுகிய வித்தியாசத்தில் வாக்களித்தன. அடுத்த ஆண்டே, அது நடைமுறைக்கு வருமுன், மறுபடி வாக்களித்து அதை ரத்துசெய்தன.

இண்டியானாவில் தேர்வே இல்லை. எல்லாப் பள்ளிகளுக்கும் இடம் உண்டு. முதல் கட்டத்தில் யாரோடு யார் என்பது சீட்டுக் குலுக்கல். ஒன்பது ஆட்டத்தையும் வென்ற அணியும் அதே பலமுள்ள அணியோடு முதல் வாரத்திலேயே மோத நேரலாம். தோற்றுக்கொண்டே வந்த அணிக்கு ஒரு வெள்ளிக்கிழமை புதிதாகப் பிறக்கும். அதற்காகவே அந்த மாநிலத்தார் இந்த முறையைக் காத்துவருகிறார்கள்.

டெக்சாஸிலும் நாணயத்துக்கு முன்னும் பின்னும் வேறு வழிகள் இருந்தன. பிளேஆஃப் ஆட்டம் சமனில் முடிந்தால், எதிரணியின் இருபது கெஜக் கோட்டைத் தாண்டி யார் அதிக முறை உள்ளே புகுந்தார் என்று எண்ணிப் பார்த்தார்கள். கூடுதல் நேர ஆட்டம் 1996இல்தான் வந்தது.

மாசிலனுக்கு வருவோம். வாக்கு முறை போய் ஆட்டக்கள முறை வந்தபின் அந்த ஊர் எதிர்கொண்டது நீண்ட காத்திருப்பு. 1980, 1982, 2005, 2018, 2019, 2020 என ஆறு முறை இறுதிப் போட்டிக்கு வந்து ஆறு முறையும் தோற்றது. தோற்கடித்தவை மொயலர், செயின்ட் சேவியர், ஹோபன், லா சால். நான்கும் கத்தோலிக்கப் பள்ளிகள். ஊர் எல்லை பாராமல் மாணவர்களைச் சேர்க்கும் உரிமை உள்ளவை. இது நியாயமா என்று மாசிலன் போன்ற அரசுப் பள்ளிகள் எழுப்பிய கேள்விக்கு விடையாக, வெளியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பள்ளியின் பிரிவை முடிவுசெய்யும் விதியை ஓஹையோ 2017இல் நடைமுறைப்படுத்தியது. 2023இல், கேன்டனில், பகை ஊரின் மைதானத்திலேயே, மாசிலன் ஹோபனை 7–2 என்று வென்றது. அந்தப் பருவத்தில் பதினாறுக்குப் பதினாறு. பால் பிரவுனின் பட்டங்களுக்கு மதிப்புக் குறைவில்லை. ஆனால் இந்த ஒன்றைக் குறித்து யாரும் எதிர்வாதம் செய்ய முடியாது.

பன்னிரண்டு இடங்களில் தொடங்கிய ஓஹையோவின் கதவு மெல்ல அகன்றது. பத்துக்குப் பத்து வென்றும் வட்டாரத்தில் இரண்டாமிடம் என்பதால் வீட்டில் உட்கார்ந்த அணிகளின் வேதனை ஒவ்வொரு விரிவுக்கும் பின்னால் இருந்தது. 1999இல் வட்டாரத்துக்கு எட்டு அணிகள் என்றானது. 2020இல் பெருந்தொற்றால் பருவம் சுருங்கி, ஒப்பிட ஆட்டங்களே போதாமல் போனபோது, விரும்பிய பள்ளிகள் எல்லாம் சேரலாம் என்றார்கள். வரிசையைப் பயிற்சியாளர்களின் வாக்கு முடிவுசெய்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட வாக்கு, கணக்குக்கு வேண்டிய ஆட்டங்கள் இல்லாத அந்த ஒரு பருவத்துக்குத் திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு ஹார்பின் புள்ளிகள் மீண்டன, வட்டாரத்துக்குப் பதினாறு அணிகளோடு. ஏழு பிரிவு, பிரிவுக்கு நான்கு வட்டாரம்: மொத்தம் 448 பள்ளிகள்.

அது அளவுக்கு மீறிய அகலம் என்பது என் எண்ணம். முதல் இடத்து அணியும் பதினாறாம் இடத்து அணியும் முதல் சுற்றில் மோதியபோது, பல ஆட்டங்கள் பாதி நேரத்துக்குள் முடிந்துபோயின. தோற்ற அணிகளுக்கு அதில் மகிழ்ச்சி இருந்திருக்காது. சங்கமும் யோசித்து, 2025 பருவம் முதல் வட்டாரத்துக்குப் பன்னிரண்டு என்று குறைத்தது. முதல் நான்கு அணிகள் முதல் சுற்றில் ஓய்வெடுக்கும், ஐந்து முதல் எட்டு வரையிலான அணிகள் தங்கள் ஊரிலேயே ஆடும். இப்போது பத்தாம் வாரத்தில் ஓஹையோவின் ஊர்கள் கவனிப்பது இரண்டு கோடுகளை. பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடையிலுள்ளது ஒன்று. நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலுள்ளது மற்றொன்று. காயம்பட்ட ஆட்டக்காரர்கள் தேறி எழ ஒரு வாரம் கிடைக்குமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதையும் பல நேரம் தீர்த்துவைப்பது ஆகஸ்டில் அவர்களிடம் தோற்ற ஏதோ ஓர் அணி, எங்கோ ஒரு மைதானத்தில் அன்றிரவு பெறும் வெற்றி.